அறுவது பல்லு

ஏனுங், உங்களுக்கும் வாசம் வருதுங்களா? டயர் இல்லீங், டயர் கருகுனா வேற மாதிரி இருக்கும். இது கிளட்ச் எரியற வாசம். டிரைவர் அரைக் கிளட்ச்லயே ஊர்ந்துட்டு இருக்காரு பாருங்க, அதான். பாலம் கட்டற எடம் தாண்டற வரைக்கும் இப்படித்தான் போகும். பயப்படாதீங்க, பஸ் நிக்காது. எனக்குத்தான் இந்த வாசம் வந்தா உக்காந்திருக்க முடியறதில்ல. ரெண்டு மாசமா இப்படி ஆயிப் போச்சு.

கோயமுத்தூர் வரைக்கும் வர்றீங்களா? அப்பச் சரி, பேசிட்டே போலாம். எனக்குக் கணபதியில பட்டறைங்க. கியர் வெட்டற பட்டறை. இருவத்திமூணு வருசமாச்சு. சென்னியப்பன் பட்டறைன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. மில்லு மெசினுக்கு, பம்புக்கு, கரும்பு மெசினுக்கு, எதுக்கு வேணா வெட்டிக் குடுப்பன். வட்டத் தட்டா உள்ள போறது பல்லு மொளைச்சு வெளிய வரும்ங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை.

எனக்கு ஒரு மச்சினன். சம்சாரத்தோட தம்பி, குழந்தைவேலுன்னு பேரு. விஜயமங்கலத்துல மொபெட் ரிப்பேர் பண்ற கடை வெச்சிருக்கான். நல்லவன்தாங்க. அவன் நல்லவன் இல்லைன்னு நான் எப்பச் சொன்னன்? ஆனா நல்லவனா இருக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா? எங்கயாவது ஒரு எடத்துல கோவப்படணும், ஒரு எடத்துல மறக்கணும், ஒரு நாளாவது லேட்டா வரணும். அவன் வர மாட்டான். எங்க வீட்டுல விசேசம்னா அவன்தான் மொத ஆளு.

எங்க பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புள்ளைக்குக் காது குத்தறதுன்னா தாய்மாமன் மடியிலதான் உக்கார வெக்கணும். எனக்கு ஒரே புள்ள, தாரணி. ஒரு வயசுல கோயில்ல வெச்சுக் காது குத்துனோம். பெத்தவன் நான் கூட்டத்துல ஒருத்தனா நிக்கறன், அவன் பட்டுத்துண்டைப் போட்டுட்டு மடியில வெச்சு உக்காந்திருக்கான். ஊசி பட்டதும் வீல்னு கத்துனா பாருங்க, நான் கைய நீட்டறன், அவ திரும்பி அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. எல்லாரும் சிரிக்கறாங்க. மாமன்கிட்ட ஒட்டிக்கிச்சு பாருன்னு எங்க அம்மாவே சொல்லுச்சு. நானும் சிரிச்சன். ஒரு வயசுக் கொழந்தைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டன். பதினெட்டு வருசம் ஆச்சு, இன்னும் அது ஞாபகம் இருக்குதுன்னா பாத்துக்குங்க. பொறாமை கிறாமை எல்லாம் இல்லீங். ஞாபகம் இருக்குதுன்னு சொன்னன்.

புள்ள இப்ப பெருந்துறைகிட்ட ஒரு இஞ்சினியரிங் காலேஜுல மெக்கானிக்கல் படிக்குது. ரெண்டாவது வருசம். கோயமுத்தூர்ல இல்லாத காலேஜா? இங்கயே படி கண்ணுன்னன். அங்கதான் கெடைச்சுதுன்னு போயிட்டா. ஹாஸ்டல்ல இருந்து மாமன் வீடு பக்கம். சனி ஞாயிறு ஆனா அங்கதான். எங்களைப் பாக்க மாசம் ஒருக்கா வருவா.

போன தை மாசம் காலேஜுல ஒரு போட்டின்னாங்க. பத்துப் பன்னெண்டு காலேஜு சேந்து நடத்தறது. பசங்களே சொந்தமா ஒரு சின்னக் காரு செஞ்சு ஓட்டணும். கோ-கார்ட்டுன்னு பேரு. பாத்திருப்பீங்க, இரும்புக் குழாயை வளைச்சு வெல்டிங் வெச்சு, தரையில இருந்து நாலு விரக்கடை ஒசரத்துல ஒரு சீட்டு, நாலு சின்ன டயரு. கூரையும் கெடையாது, கதவும் கெடையாது. எங்க புள்ளையோட குழுவுல எட்டுப் பேரு, ஏழு பேரு பசங்க, இவ ஒருத்திதான் பொண்ணு. இஞ்சின்ல இருந்து சக்கரத்துக்குச் சக்தி போற கணக்கு பூரா இவ பொறுப்பு. என்ன கிளட்ச் போடறது, எத்தனை பல்லு வெக்கறது, எல்லாம் இவதான். பொண்ணுகிட்ட இதைக் குடுக்க வேண்டாம், சீட்டுக்குத் துணி தெக்கறதைக் குடுக்கலாம்னு ரெண்டு பசங்க சொன்னாங்களாம். இவ சண்டை போட்டு வாங்கியிருக்கா. கணக்குத் தப்புனா நானே குழுவை விட்டுப் போயிக்கறன்னு சொல்லி வாங்கியிருக்கா.

இது எனக்கு அப்பறந்தான் தெரியும். மொதல்ல தெரிஞ்சது எதுன்னா, அவ கிளட்ச் பத்தி மாமன்கிட்டக் கேட்டது. கியர் வெட்டற அப்பன் கோயமுத்தூர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கறன், மொபெட் ரிப்பேர் பண்றவன்கிட்டப் போயிக் கேக்கறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அதுக்கு முந்தி ஒரு செவ்வாக்கெழமை எனக்கும் கூப்புட்டாதான். மெசின் ஓடிட்டு இருந்துச்சு, அப்பறம் பேசறன் கண்ணுன்னு வெச்சுட்டன். அப்பறம் மறந்துட்டன். வேலை செய்யறவனுக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு தடவை எடுக்கலைன்னா மறுபடி கூப்புடக் கூடாதுங்களா?

விசயம் தெரிஞ்ச அன்னைக்கே நான் உக்காந்து ஒரு படம் போட்டன். மூணு கியரு வெச்ச ஒரு பெட்டி. அத்தனை பல்லும் நானே வெட்டறது. மேடு வந்தா ஒண்ணு, சமவெளிக்கு ரெண்டு, வேகத்துக்கு மூணு. கைக் கிளட்ச் வெச்சு, பைக்காட்டம் மாத்தி ஓட்டிக்கலாம். பத்து நாளு மத்த வேலையெல்லாம் தள்ளி வெச்சுட்டுச் செய்யறதாக் கணக்கு. படத்தைச் சுருட்டி எடுத்துட்டு ஞாயித்துக்கெழமை விஜயமங்கலம் போனன்.

போனா ரெண்டு பேரும் கடை வாசல்ல சாக்கு விரிச்சு உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு கிளட்ச். மொபெட்ல இருக்கற ஜாதி. உங்களுக்குச் சொல்றன், சுலுவாப் புரியும். ஒரு சட்டி, அதுக்குள்ள ரெண்டு கட்டை, கட்டையைப் புடிச்சு ஒரு ஸ்பிரிங்கு. இஞ்சின் மெதுவா ஓடறப்ப கட்டை உள்ளயே ஒடுங்கி இருக்கும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரை முறுக்குனா சுத்தற வேகத்துல கட்டை வெளிய விரிஞ்சு சட்டியைக் கவ்விக்கும், வண்டி கெளம்பிரும். கையும் வேண்டாம், காலும் வேண்டாம். குழந்தைவேலு அதைக் கையில வெச்சுச் சுத்திக் காட்டறான், இவ கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா. கையெல்லாம் கிரீசு. அதை அவன் சட்டையிலயே தொடைச்சுட்டுச் சிரிக்கறா. என் பட்டறைக்கு வந்தா அவ வாசப்படி தாண்ட மாட்டா. பொம்பளப் புள்ள மெசின்கிட்ட வரக் கூடாதுன்னு சின்னதுலயே நான் சொல்லி வெச்சிருந்தன், அது வேற விசயம்.

நான் படத்தை விரிச்சன். ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. குழந்தைவேலு என்ன சொன்னான் தெரியுமுங்களா? அருமையா இருக்குது மச்சான்னான். அவன் எதையும் நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டான். அது ஒரு வியாதி அவனுக்கு. புள்ளதான் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொன்னா, இது இருவது கிலோ வருமுங்கப்பா, நம்ம இஞ்சின் தோட்டத்துல தண்ணி எறைக்கற சின்ன இஞ்சினு, இதை இழுக்கறதுக்கே பாதி சத்து போயிரும்னா. மாமா சொல்ற கிளட்சே போதும்னா. அப்பறம் சொன்னா பாருங்க ஒரு வார்த்தை.

"நீங்க பின்னாடி அச்சுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் மட்டும் வெட்டிக் குடுங்கப்பா."

ஸ்ப்ராக்கெட் மட்டும். சைக்கிள்ல பெடல்கிட்டப் பல்லு வெச்ச வட்டம் இருக்குதில்லீங்க, செயின் ஓடறது, அதேதான். ஒரு தட்டை எடுத்துச் சுத்தியும் பல்லு வெட்டுனா வேலை முடிஞ்சுது. புதுசா வேலை கத்துக்க வர்றவனுக்கு மொத வாரம் குடுக்கற வேலைங்க அது. சரி கண்ணுன்னன். அவ ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா. பல்லு எழுவத்திரெண்டு, செயின் சைசு, நடு ஓட்டை எத்தனை, எல்லாம். சீட்டைத் திருப்பிப் பாத்தன். குழந்தைவேலு கடையோட பில்லுப் புக்குல கிழிச்சது. மேல அவன் பேரு அச்சடிச்சிருக்குது.

நீங்களே சொல்லுங்க, அவன் கடை, அவன் சீட்டு, அவன் கிளட்சு. அந்த எழுவத்திரெண்டு யாரு கணக்குன்னு எனக்குத் தோணும்? ஊருக்கு வந்து ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. காது குத்துனதும் அவன் மடியில, வண்டி ஓட்டப் பழகுனதும் அவன் வண்டியில, இப்பப் பல்லும் அவன் சொல்ற பல்லா. இருவத்திமூணு வருசம் பல்லு வெட்டுனவனுக்கு எத்தனை பல்லுன்னு மொபெட் மெக்கானிக்கு சீட்டு எழுதி அனுப்பறான். வயிறு எரிஞ்சுதுங்க. பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. தொழில் மரியாதைன்னு ஒண்ணு இருக்குது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, அதைச் சொன்னாத்தான் மேல புரியும். முன்னாடி கிளட்ச்ல பன்னெண்டு பல்லு. பின்னாடி எழுவத்திரெண்டு. அப்ப இஞ்சின் பக்கம் ஆறு தடவை சுத்துனா சக்கரம் ஒரு தடவை சுத்தும். பின்னாடி பல்லைக் கொறைச்சா சமவெளியில வண்டி வேகமாப் போகும், ஆனா மேட்டுல இழுவை இருக்காது. இழுவை இல்லைன்னா என்ன ஆகும்? இஞ்சின் கத்தும், சக்கரம் சுத்தாது. நடுவுல மாட்டிக்கறது கிளட்ச்தான். கட்டை கவ்வவும் முடியாம, விடவும் முடியாம வழுக்கி வழுக்கித் தேச்சு எரிஞ்சு போகும். பாக்கறவன் என்ன சொல்லுவான்? கிளட்ச் சரியில்லைம்பான். பல்லை யாரு எண்ணப் போறாங்க?

பட்டறையில ரெண்டு தட்டு இருந்துச்சு. ஒம்பது இஞ்சுல ஒண்ணு, எட்டு இஞ்சுல ஒண்ணு. ஒம்பது இஞ்சுத் தட்டுல தாரணி, எழுவத்திரெண்டுன்னு சாக்பீஸ்ல நானே எழுதிச் செவுத்துல சாத்தி வெச்சிருந்தன். அன்னைக்கு எந்திரிச்சுப் போனன், கை எட்டு இஞ்சுத் தட்டை எடுத்துச்சு. எத்தனை பல்லு வேணுமோ அதுக்குத் தகுந்த மாதிரி மெசின்ல சக்கரம் மாத்தணும். கை அறுவதுக்கு மாத்துச்சு. கைதான் செஞ்சுதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. சரி விடுங்க, நாந்தான் செஞ்சன். அறுவது பல்லு வெட்டுனன். யாராவது கேட்டா தட்டு சின்னதாப் போச்சு, வேகம் நல்லாக் கெடைக்கும்னு சொல்லிக்கலாம்னு பதிலும் தயாரா வெச்சுக்கிட்டன். வெட்டுனது சுத்தமா வெட்டுனன். வேலையில ஒரு பிசிறு இருக்காது.

வெள்ளிக்கெழமை என்ற சம்சாரம் பூங்கொடி தம்பி வீட்டுக்குப் போனா. அவகிட்டக் குடுத்தனுப்புனன். ஞாயித்துக்கெழமை போட்டி. ராத்திரி போன் வரும், ஏனுங்கப்பா அறுவதுன்னு புள்ள கேப்பான்னு காத்துட்டு இருந்தன். வரல. சனிக்கெழமையும் வரல. யாரும் எண்ணிப் பாக்கல, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சன்.

ஞாயித்துக்கெழமை காலையில காலேஜு மைதானம். திருவிழாவாட்டம் கூட்டம். இருவது வண்டிக்கு மேல வரிசையா நிக்குது. எங்க புள்ள நீலச் சட்டை போட்டு, தலையில ஹெல்மெட்டு. அவதான் ஓட்டறதாம். வண்டி முன்னால எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் பத்த வெச்சிருக்காங்க. ஒரு தேங்காயை எடுத்துட்டு நேரா என்கிட்ட வந்தா. நீங்கதான் உடைக்கணுமுங்கப்பான்னா. மாமன் பக்கத்துலயே நிக்கறான், அவனைத் தாண்டி என்கிட்ட வந்து நீட்டறா. எனக்கு என்னமோ கை வரலீங்க. மாமனே உடைக்கட்டும் கண்ணுன்னுட்டன். அவ நீட்டுன கையை மடக்கிக்கிட்டா. அப்பறம் அவன்கிட்டக் குடுத்தா. அவன் நீங்க உடைங்க மச்சான், நீங்க உடைங்க மச்சான்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் உடைச்சான்.

ஓட விட்டாங்க. மொத சுத்து சமவெளி. எங்க வண்டி பறக்குதுங்க. எல்லா வண்டியையும் முந்திட்டுப் போகுது. அறுவது பல்லுல வேகம் அப்படித்தான் வரும். கூட்டம் பூரா கத்துது. என்னை மறந்து நானும் கை தட்டுனன். பக்கத்துல நின்ன ஒரு காலேஜு வாத்தியார்கிட்ட, பின்னாடி ஸ்ப்ராக்கெட் என்ற வேலைதானுங்கன்னு சொல்லவும் செஞ்சன். சத்தியமாச் சொல்றன், அந்தச் சுத்துல நான் பண்ணுனது தப்புன்னே தோணல. அப்பனுக்குத்தான் தெரியும்னு தோணுச்சு.

ரெண்டாவது சுத்துல மேடு. மண்ணைக் கொட்டி வெச்ச ஏத்தம். பாதி ஏத்தத்துல ஒரு வெள்ளைக் கோடு, அதுல வண்டியை நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி கெளப்பணும். அதுதான் போட்டியில பெரிய பரிச்சை. புள்ள நிறுத்துனா. பத்து எண்ணுனாங்க. முறுக்குனா. இஞ்சின் கத்துது, வண்டி அசையல. மறுபடி முறுக்குனா. ஒரு சாண் ஏறுச்சு, நின்னுச்சு. அப்ப வந்துதுங்க அந்த வாசம். கிளட்ச்ல இருந்து வெள்ளையாப் பொகை. ஒருத்தன் தண்ணி எடுத்துட்டு ஓடறான், ஒருத்தன் ஆஃப் பண்ணுன்னு கத்தறான். வண்டி தன்னால பின்னால உருண்டு வந்து ஓரத்துல முட்டி நின்னுச்சு. அடி ஒண்ணும் இல்ல. எறங்குனா. ஹெல்மெட்டைக் கழட்டல.

தீர்ப்புச் சொல்ற வாத்தியார் ஒருத்தர் குனிஞ்சு பின்னாடி பாத்தாரு. இத்தனை ஏத்தத்துக்கு இவ்வளவு சின்ன ஸ்ப்ராக்கெட்டா, யாரு கணக்குப் போட்டதுன்னு கேட்டாரு. நான் அங்கதான் நிக்கறன், ஆறடி தூரத்துல.

"என்னோட கணக்குங் சார்," அப்படின்னா புள்ள.

உடனே குழந்தைவேலு முன்னால வந்துட்டான். இல்லீங் சார், கிளட்சு பழசு, கட்டை தேஞ்சு போனது, மாத்தாம நாந்தான் போட்டுக் குடுத்தன், புள்ள மேல தப்பில்லைன்னான். புத்தம்புதுக் கட்டைங்க அது. நான் பாத்தன். அத்தனை பேரு முன்னால தன் வேலை மட்டம்னு தானே சொல்லிக்கறான். அப்ப நான் என்ன நெனச்சன் தெரியுமுங்களா? மாமனைக் காப்பாத்த இவ பொய் சொல்றா, இவளைக் காப்பாத்த அவன் பொய் சொல்றான், என்னமா ஒத்துமையா இருக்காங்கன்னு நெனச்சன். கிளட்ச் எரிஞ்சா அவன் மூஞ்சியில கரி பூசுன மாதிரி இருக்கும்னு பாத்தா, அதுலயும் அவன் பெரிய மனுசன் ஆயிட்டான். நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும், இப்பத் தெரியுது.

அவளோட குழுப் பசங்கள்ல ஒருத்தன் சொன்னான், நாங்க அப்பவே சொன்னோமேன்னு. மத்தவங்க அவளைத் தாண்டிப் போயி வண்டியைத் தள்ளிட்டுப் போனாங்க. அது இன்னும் மோசம்.

நாலு நாளு கழிச்சு வீட்டுக்கு வந்தா. வீட்டுல பையை வெச்சுட்டு நேராப் பட்டறைக்கு வந்தா. மொத தடவையா வாசப்படியைத் தாண்டி உள்ள வந்தா. நான் மெசினை நிறுத்துனன். ஏனுங்கப்பா அறுவதுன்னு கேட்டா. கோவமாக் கூட இல்ல, பாடத்துல சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டா. நான் வெச்சிருந்த பதிலைச் சொன்னன். தட்டு சின்னதாயிருச்சு கண்ணு, ஒம்பது இஞ்சு கெடைக்கலைன்னன். அவ தலையாட்டுனா. தலையாட்டிட்டே சுத்திப் பாத்தா. செவுத்துல சாத்துன தட்டு அங்கயே இருக்குதுங்க. தாரணி, எழுவத்திரெண்டு. என் கையெழுத்து. அதை எடுத்து மறைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க, அத்தனை வருசமா அவ உள்ள வந்ததே இல்லையே.

கிட்டப் போயி அந்த எழுத்து மேல விரலை வெச்சா. அப்பறம் சொன்னா.

"எழுவத்திரெண்டு மாமா சொன்னதுன்னு நெனச்சீங்களா? மாமா அறுவத்தஞ்சு போதும்னாரு. எழுவத்திரெண்டு நான் போட்ட கணக்குங்கப்பா."

அவ நிறுத்தல. வெள்ளிக்கெழமை செயின் மாட்டறப்பவே செயின் மிச்சம் வந்துதாம். மாமன் எண்ணிப் பாத்து அறுவதுன்னு சொல்லியிருக்கான். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளு அம்மிணி, இல்லைன்னா நான் ஈரோட்டுல வேற வாங்கிட்டு வர்றன்னு சொல்லியிருக்கான். இவதான் வேண்டாம்னாளாம். "அப்பா காரணமில்லாம ஒரு பல்லுக் கூடக் கொறைக்க மாட்டாருன்னு சொன்னனுங்கப்பா. என் கணக்குலதான் தப்பு இருக்கும், அப்பா அதைக் கண்டுபுடிச்சு மாத்தியிருப்பாருன்னு சொன்னன்."

அவ்வளவுதான். அழுவல. டீ குடிக்கறயா கண்ணுன்னு கேட்டன், வேண்டாமுங்கப்பான்னா. அன்னைக்குச் சாயங்காலமே காலேஜுக்குப் போயிட்டா. சொன்ன மாதிரி குழுவை விட்டும் ஒதுங்கிட்டா. அப்பறம் ரெண்டு மாசமாப் போன்ல அம்மாகிட்டத்தான் பேச்சு. அப்பா நல்லாருக்காரான்னு கேப்பாளாம். நல்லாருக்காருன்னு பூங்கொடி சொல்லுவா. பூங்கொடிக்கும் எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. ஆனா எனக்குச் சோறு போடறப்ப டிவியைப் பாத்துட்டே போடறா.

இந்த மாசம் வேற ஒரு காலேஜுல அதே மாதிரி போட்டின்னாங்க. புள்ளையை மறுபடி குழுவுல சேத்துக்கிட்டாங்களாம், குழந்தைவேலு போயி அந்தப் பசங்ககிட்டப் பேசியிருக்கான். என்ன பேசுனான்னு தெரியல. என் பேரு சொல்லியிருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். அவன் சொல்லித் தொலைச்சிருந்தாக் கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். நான் அந்த ஒம்பது இஞ்சுத் தட்டை எடுத்து, சாக்பீஸைத் தொடைச்சுட்டு, எழுவத்திரெண்டு வெட்டுனன். முழுசா ஒரு நாளு ஆச்சு. ஒரு மணி நேர வேலைங்க அது. யாரும் வாங்கிட்டு வரச் சொல்லல, கேக்கவும் இல்ல. இன்னைக்குக் காலையில நானே எடுத்துட்டுப் போனன்.

ரெண்டு பேரும் கடையிலதான் இருந்தாங்க. வாங்க மச்சான்னு குழந்தைவேலு ஸ்டூலை எடுத்துப் போட்டான், டீக்குச் சொல்லி விட்டான், ஒண்ணுமே நடக்காத மாதிரி. புள்ள வாங்கப்பான்னா. நான் பேப்பரைப் பிரிச்சு ஸ்ப்ராக்கெட்டைக் குடுத்தன். ரெண்டு கையாலயும் வாங்குனா. ரொம்ப நல்லா வந்திருக்குதுங்கப்பான்னா. எனக்கு மனசு அப்படியே நெறைஞ்சு போச்சு.

அதுக்குள்ள குழந்தைவேலு புதுக் கிளட்ச் கட்டை ரெண்டை எடுத்து நீட்டுனான். வாங்கிப் பாக்கக் கூட இல்லீங்க, அப்படியே பையில போட்டுக்கிட்டா. கட்டையில பாக்க என்ன இருக்குதுன்னு நீங்க கேப்பீங்க. இருந்தாலும் திருப்பியாவது பாத்திருக்கலாமில்ல. அதையும் நான் கவனிச்சன். என்ன பண்றது, கண்ணு அங்கதான் போகுது.

அப்பறம் அவ தரையில உக்காந்தா. ஸ்ப்ராக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டா. விரல்ல கொஞ்சம் கிரீசைத் தொட்டு ஒரு பல்லு மேல வெச்சா. வட்டமா இருக்கறதை எண்ணறப்ப எங்க ஆரம்பிச்சோம்னு மறந்து போகுமில்லீங்க, அதுக்கு அடையாளம். அப்பறம் ஒவ்வொரு பல்லா விரல் வெச்சு எண்ண ஆரம்பிச்சா. என் முன்னாலயேதாங்க. இருவத்திமூணு வருசத்துல எந்த மில்லுக்காரனும் என் பல்லை எண்ணி வாங்குனதில்ல.

குழந்தைவேலு எந்திரிச்சு, டீ இன்னும் வரலைன்னு ரோட்டுப் பக்கம் போயிட்டான். நான் ஸ்டூல்லயே உக்காந்திருக்கறன். அவ உதடு அசையுது, சத்தம் வரல. நானும் மனசுக்குள்ள கூடவே எண்ணுனன். முப்பது. நாப்பது. அம்பதைத் தாண்டுனப்ப எனக்கே பயம் வந்துருச்சுங்க. வெட்டுனது நானு, மெசின்ல சக்கரத்தை மூணு தடவை சரி பாத்து மாத்துனது நானு. ஆனாலும் அறுவதுல நின்னுருமோன்னு பயம். அறுவத்தொண்ணுன்னு அவ உதடு அசையற வரைக்கும் நான் மூச்சு விடல.

எழுவத்திரெண்டுல கிரீசு வெச்ச பல்லு வந்துச்சு. சரியா இருக்குதுங்கப்பான்னா. என்னை நிமிந்து பாக்கலீங்க. மறுபடியும் மொதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா.